நீர்வண்ண நிலக்காட்சியில் தூண்டில்: பொருளைத் தீர்மானிப்பது முதல் நரம்பை இழுப்பது வரை

அமைதியான நீர், ஓர் ஓடம், தூண்டிலோடு ஓர் ஆள். நீர்வண்ணம் கற்க வருகிறவர்கள் பலரும் சீக்கிரமே இந்தக் காட்சியை வரைந்து பார்க்கிறார்கள். வானம் நன்றாகவே வரும், தண்ணீரும் ஓரளவு வந்துவிடும். ஆனாலும் முடிந்த படத்தைப் பார்த்தால் 'யாரோ மீன் பிடிக்கிறார்' என்ற தகவல்தான் கிடைக்கிறது. காத்திருப்போ தனிமையோ உழைப்போ மனதில் படுவதில்லை.

கைத்திறன் குறைவு இதற்குக் காரணம் அல்ல. வேலையின் வரிசைதான் காரணம். ஆளை முதலில் வரைகிறார்கள், தூண்டில் கோலைக் கையில் செருகுகிறார்கள், கடைசியில் நரம்பை, அதாவது தூண்டில் நூலை, எங்கேயாவது தண்ணீருக்குள் விட்டுவிடுகிறார்கள். தூண்டில் படத்தின் உயிர் நரம்பு நீரைத் தொடும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளது எல்லோருக்கும் தெரியும். கீழே என்ன இருக்கிறது என்பது படத்தில் உள்ள ஆளுக்கும் தெரியாது, படத்தைப் பார்ப்பவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே மாதிரி காத்திருக்கிறார்கள். அந்த இடத்தை இங்கே 'தொடுபுள்ளி' என்று சொல்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாமே அதிலிருந்து கிளம்புபவை.

1. பென்சிலை எடுக்கும் முன் ஒரு வாக்கியம்

படம் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'விடியலுக்கு முன் வந்தவர் இன்னும் ஒன்றும் கிடைக்காமல் இருக்கிறார்' என்பது போல. 'மீன்பிடிக் காட்சி' என்று எழுதினால் அது தலைப்பு. அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள், அங்கே இருப்பவற்றைக் கருப்பொருள், மனநிலையை உரிப்பொருள் என்று நம் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. வரையும்போது அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றுங்கள். உரி முதலில், அதற்கேற்ற நிலமும் பொழுதும் அடுத்து, ஓடம், கொக்கு, வலை போன்ற கரு கடைசியில். புதியவர்கள் கருவிலிருந்து தொடங்குவதால்தான் கொக்கு, காயும் வலை, அஸ்தமனம், துள்ளும் மீன் எல்லாம் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்ல, மொத்தத்தில் எதுவுமே காதில் விழுவதில்லை.

ஒவ்வொரு கருவும் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்திருந்தால் தேர்வு எளிது. நேராக நிற்கும் கோலும் தொய்ந்த நரம்பும் காத்திருப்பு. வளைந்த கோலும் விறைத்த நரம்பும் போராட்டம். இந்த இரண்டும் கலக்கவே கூடாது. வீச்சு வலை பிழைப்பைச் சொல்லும், உடல் உழைப்பைச் சொல்லும். அங்கே தனிமையைத் தேடாதீர்கள். கட்டிக் கிடக்கும் வெற்று ஓடம் இல்லாத ஒருவரை நினைக்க வைக்கும். காயும் வலை வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதால் காத்திருப்புப் படத்தில் அதற்கு இடமில்லை. உறுமீனுக்காக நிற்கும் கொக்கு பொறுமையின் உருவம்தான், ஆனால் ஆளும் அதே வேலையைத்தான் செய்கிறார். இரண்டு பேரையும் போட்டால் ஒரே வார்த்தையை இரண்டு முறை சொன்னது போல ஆகும். நான் எப்போதும் ஒருவரைத்தான் வைப்பேன்.

சீன மரபில் தூண்டில்காரர் அரச பதவியிலிருந்து ஒதுங்கி வாழும் அறிஞரின் அடையாளம். வெய் ஆற்றங்கரையில் வளைக்காத, நேரான முள்ளைப் போட்டு உட்கார்ந்திருந்த ஜியாங் ஜியாவின் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் காத்திருந்தது மீனுக்காக அல்ல, தன்னை அடையாளம் காணும் அரசனுக்காக. உங்கள் படத்துக்கு இந்தக் கதை தேவையில்லை. ஆனால் அதிலிருக்கும் கேள்வி தேவை: உங்கள் ஆள் உண்மையில் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்? அதற்குப் பதில் இருந்தால் முதுகின் வளைவு தானாக வரும்.

2. முன்கூட்டியே வேண்டியவை

தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), முழு காட்டன். கடைசிக் கட்டத்தில் தாளைக் கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கலாம். மெல்லிய தாள் அதைத் தாங்காது, நார் பிரிந்துவிடும்.

தூரிகை: வானத்துக்கும் நீருக்கும் ஒரு பெரிய பட்டைத் தூரிகை, 8-ஆம் எண் உருண்டை, 1 அல்லது 2-ஆம் எண் ரிக்கர். ரிக்கருக்கு மயிர் நீளம் அதிகம். கப்பல் பாய்மரக் கயிறுகளை வரைய ஏற்பட்ட தூரிகை என்பதால்தான் அந்தப் பெயர். கோலுக்கும் நரம்புக்கும் வேறு தூரிகை வேண்டாம். நுனி கூரான சின்ன உருண்டைத் தூரிகை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கோட்டிலேயே வண்ணம் தீர்ந்து நின்றுவிடும், அங்கே ஒட்டுப் போட்டால் கண்ணில் குத்தும்.

வண்ணம்: அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், கோபால்ட் ப்ளூ, ஒரு சிவப்பு. அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் குளிர்ந்த சாம்பலிலிருந்து கரும்பழுப்பு வரை எல்லாம் கிடைக்கும். தேலோ ப்ளூவை இந்தப் படத்தில் தவிர்க்கச் சொல்வேன். தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும் வண்ணம் அது. நீரில் ஒளிக்கீற்றை ஈரத் தூரிகையால் எடுக்க நினைத்தால் முழுதாக வராது.

இவற்றோடு புதிய பிளேடு ஒன்று, டிஷ்யூ, பலகையின் பின்பக்கத்தை உயர்த்த ஒரு கட்டை, அதே தாளின் ஒரு துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் உட்காரவே உட்காராதீர்கள். 8-ஆம் படியில் அதுதான் காப்பாற்றும்.

3. உள்ளங்கை அளவில் ஆறு முன்வரைவு: தொடுபுள்ளி முதலில்

சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அதுதான் தொடுபுள்ளி. அதன் பிறகு கோல் நுனி, அதன் பிறகு ஆள். தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. ஆளை முதலில் வைத்தால் அவரைத் தாளின் நல்ல இடத்தில் வைப்பீர்கள், நரம்பு மிச்ச இடத்துக்குத் தள்ளப்படும்.

புள்ளியைச் சுற்றி நிறைய வெறும் நீர் இருக்க வேண்டும். ஆள் பார்க்கும் பக்கத்தில் இடம் தாராளமாகவும் முதுகுப் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால் எதிர்பார்ப்பு உண்டாகும். முதுகுப் பக்கம் பெரிதாகி எதிர்ப் பக்கம் சுருங்கினால் அவர் எதையோ விட்டு வந்தவர் போலத் தோன்றுவார். அதுவும் ஒரு பொருள்தான், உங்கள் வாக்கியம் அதைக் கேட்டால் தாராளமாக வையுங்கள்.

ஆளின் அளவு பற்றி என் கணக்கு இது. தனிமை வேண்டுமானால் தாளின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். 28-க்கு 38 செ.மீ. தாளைக் கிடையாக வைத்தால் ஆள் சுமார் ஒன்றரை செ.மீ. உயரம். உழைப்போ போராட்டமோ வேண்டுமானால் நாலில் ஒரு பங்கு வரை பெரிதாக்கலாம், ஏனென்றால் அங்கே தோளும் முழங்கையும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் நின்றால் இரண்டு பொருளும் கிடைக்காமல் போகும்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சீன ஓவியர் மா யுவான் பெயரில் ஒரு படம் இருக்கிறது, சொங் அரச மரபின் காலத்தது, பட்டில் மையால் வரைந்தது. ஒரு சிறு படகு, அதன் ஒரு முனையில் குனிந்து உட்கார்ந்த தூண்டில்காரர், படகை ஒட்டிச் சில மெல்லிய அலைக்கோடுகள். மற்ற இடமெல்லாம் வெறும் பட்டு. ஆனால் அந்த வெற்றிடத்தை எவரும் வெற்றிடமாகப் பார்ப்பதில்லை, குளிர்ந்த ஆறாகவே பார்க்கிறோம். முன்வரைவில் வெற்றிடத்தைக் கண்டு பயந்து நாணல் போட நினைக்கும்போது அந்தப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பிழையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். கோல் நுனி எதிர்க்கரையின் கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்பது. அப்படி நின்றால் கோல் கரையில் ஒட்டிக்கொண்டது போலாகி, தூரம் செத்துவிடும். ஒன்று நுனி கரைக்கோட்டைத் தெளிவாகத் தாண்டட்டும், இல்லை கீழேயே நிற்கட்டும்.

4. பென்சிலில் ஆளை உட்கார வைப்பது

முகம் வேண்டாம். ஒன்றரை செ.மீ. உருவத்தில் மூக்கு வரைந்தால் பொம்மையாகிவிடும். தலை, முதுகு, கோல் பிடித்த கை ஆகிய மூன்றின் கோணம் போதும்.

காத்திருப்பவரின் எடை இடுப்பில் இருக்கும். முதுகு தளர்ந்து வளையும், தலை மட்டும் லேசாக முன்னே வரும், முழங்கை தொடையில் தாங்கும். இப்போதுதான் ஏதோ அசைந்தது போல இருந்தால் முதுகு நிமிரும், முழங்கை தொடையை விட்டு எழும்பும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கதையே மாறிவிடும். ஒரு மாணவி மிக அழகாக உட்கார வைத்த ஆளுக்குத் தலையைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவிட்டார். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் படம் புகைப்படத்துக்கு நிற்கும் ஆளாகிப்போனது. தலை எப்போதும் தொடுபுள்ளியை நோக்கித்தான்.

கோலைப் பென்சிலில் வரையாதீர்கள். இரண்டு முனைக்கும் ஊசிமுனை அளவு அடையாளம் போதும். பென்சில் கோட்டின் மேல் தூரிகையை ஓட்டினால் கை தயங்கித் தயங்கிப் போகும்.

5. எந்த வெள்ளையைக் காப்பது

தொப்பியிலோ தோளிலோ விழும் ஒளிக்கு ஒரு துளி, ஓடத்தின் விளிம்புக்கு ஒரு கோடு. மாஸ்கிங் திரவம், அதாவது வண்ணம் படாமல் தாளை மூடிவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் திரவம், இவ்வளவுக்கு மட்டும். நரம்புக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை, உரித்த பின் இரண்டு முனையும் மழுங்கி மின்கம்பி போல நிற்கும்.

நன்றாக உலர்ந்த தாளில்தான் பூச வேண்டும். தாள் ஈரமாக இருந்தால் திரவம் நாருக்குள் இறங்கி, உரிக்கும்போது தாளையும் சேர்த்து எடுத்து வரும். ஹேர் டிரையரால் சூடேற்றவும் கூடாது. பூசியதை ஓரிரு நாளுக்குள் உரித்துவிடுங்கள். ஒரு படத்தை மூன்று வாரம் அப்படியே போட்டு வைத்து, கடைசியில் தொப்பியோடு தாளின் தோலையும் உரித்தெடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் பூசிய வண்ணம் பிறகு கறுத்துத் திட்டாக நின்றது.

6. வானமும் நீரும் ஒரே மூச்சில்

நீர் தனக்கென்று வண்ணம் வைத்திருப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வானத்தை வாங்கிக் கொஞ்சம் அடர்த்தியாக்கித் தருகிறது. அதனால் இரண்டையும் ஒரே கலவையில், ஒரே அமர்வில் போட வேண்டும். வானத்தை இன்று போட்டு நீரை நாளை போட்டவர்களின் படத்தில் இரண்டும் இரு வேறு நாளின் வெளிச்சமாக நிற்பதைப் பார்க்கலாம்.

பலகையின் பின்பக்கத்தை லேசாக உயர்த்தி, தாள் முழுவதையும் ஒரே சீராக நனையுங்கள். மேலிருந்து கீழாக வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, இறங்கட்டும். தொடுபுள்ளி இருக்கும் இடத்தைச் சுற்றி நீரை வெளிறலாக விடுங்கள். பிறகு அங்கே வரும் மெல்லிய கருங்கோடு அந்த வெளிச்சத்தால்தான் தெரியும். உலர்ந்தால் நீர்வண்ணம் வெளிறிவிடும் என்பதால், ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகத் தோன்றும் அளவுக்கு மற்ற இடங்களில் வண்ணம் வேண்டும்.

பொழுதும் இங்கேதான் முடிவாகிறது. விடியலின் குளிர்ச்சாம்பல் வாஷில் அதே ஆள் நம்பிக்கையோடு இருப்பார், அந்தியின் மங்கிய ஓக்கரில் அவரே வெறுங்கையோடு திரும்பப் போகிறவர் ஆவார். கொழுந்துவிட்டு எரியும் செவ்வானத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கண் அங்கேயே நின்றுவிடும், தொடுபுள்ளிக்கு வராது.

பளபளப்பு மங்கத் தொடங்கியதும் நீர்ப்பகுதியில் கைவைக்காதீர்கள். பாதி உலர்ந்த தாளில் விழும் ஒரு துளி நீர் காலிஃபிளவர் போல விரிந்து கறையாக நிற்கும். திருத்த வேண்டுமென்றால் முழுதாக உலரவிட்டுத் திருத்துங்கள்.

7. எதிர்க்கரை

இதில் சொல்ல அதிகம் இல்லை. தாள் இன்னும் ஈரமாக, ஆனால் பளபளப்பு இல்லாமல் இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் கோபால்ட்டும் ஓக்கரும் கலந்த மெல்லிய நிறத்தில் தூரத்து மரங்களைத் தொட்டு வையுங்கள். தூரிகையில் உள்ள வண்ணம் தாளின் ஈரத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன கறைதான். விளிம்பு கரைந்து போனால் நல்லது. எதிர்க்கரை தெளிவாகத் தெரியத் தெரிய ஆளின் தனிமை குறையும், ஏனென்றால் அங்கே போய்விடலாம் என்று தோன்றும்.

8. ஓடம், ஆள், பிறகு கோல்

எல்லாம் முற்றிலும் உலர்ந்த பிறகு இந்தப் படி. ஓடத்தையும் ஆளையும் ஒரே கருமையில், ஒன்றோடொன்று ஒட்டியபடி போடுங்கள். தனித்தனியாக வரைந்தால் ஓடத்தின் மேல் ஒட்டவைத்த ஆளாகத் தெரிவார். உடலின் கீழ்ப்பகுதி ஓடத்தின் நிழலில் கரைந்து போகட்டும். தலையும் தோளும் மட்டும் கூர்மையாக நின்றால் போதும்.

கோலுக்கு வரும் முன் அந்தத் துண்டுத் தாளில் இருபது முறை இழுத்துப் பாருங்கள். ரிக்கரில் மை போல ஓடும் கலவை வேண்டும். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இழுக்க வேண்டும். கையருகே தொடங்கி நுனியை நோக்கி ஓடி, போகப் போகத் தூரிகையைத் தாளிலிருந்து மேலே எடுங்கள். கோடு தானாக மெலிந்து முடியும். எந்தக் கோலும் அடியில் தடித்து நுனியில் மெலியும். தலைகீழாக இழுத்தால் நுனி தடித்துவிடும், பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் ஏதோ தவறு என்று தெரியும்.

ஒரே இழுப்பு. தவறினாலும் மேலே இரண்டாவது கோடு வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, உலரவிட்டு, மறுபடி இழுங்கள்.

9. நரம்பு: எவ்வளவு வரையாமல் விடுவது

சாதாரண நைலான் நரம்பு அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. கரையிலிருந்து பார்க்கும் நமக்கு அது முழுதாகத் தெரிவதே இல்லை, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் ஒரு நொடி மின்னும். ஆகவே கோல் நுனியிலிருந்து கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு நிறுத்துங்கள். இடையே எதுவும் வேண்டாம். தொடுபுள்ளிக்குச் சற்று மேலே மறுபடி ஒரு சிறு கோடு. விட்டுப்போன இடத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பும்போதே அந்தக் கண் மேலிருந்து கீழே பயணம் செய்து, ஆள் பார்க்கும் அதே இடத்தில் போய் நிற்கிறது. இந்தப் படத்தில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுதான்.

காத்திருப்பென்றால் நரம்பு தன் எடையில் லேசாகத் தொய்ய வேண்டும். ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருந்தால் மீன் மாட்டிவிட்டது என்று பொருள், அப்போது கோலும் வளைந்தாக வேண்டும். நேரான கோலோடு விறைத்த நரம்பு, புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

பின்னணி இருட்டாக இருந்தால் வெள்ளை நரம்பு வேண்டியிருக்கும். அதற்குப் பிளேடு முனை. தாள் முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டுமே சுரண்டல் வெள்ளையாக வரும். ஈரத்தில் கீறினால் கீறலுக்குள் வண்ணம் இறங்கி இன்னும் கறுத்த கோடாகும். அமெரிக்காவின் அடிரோண்டாக் மலைப்பகுதியில் 1889-ஐ ஒட்டி வரைந்த தூண்டில் நீர்வண்ணங்களில் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் நரம்பின் வளைவை இப்படித்தான் கத்தி முனையால் எடுத்திருக்கிறார். அவரே தூண்டில் போடுபவர். செயற்கை ஈயைக் கட்டி வீசும் அந்த முறையில் நரம்பு தடிமனானது, காற்றில் சுழலும் வளைவே காட்சியின் உச்சம். அங்கே முழு நரம்பையும் காட்டுவது பொருந்தும். தக்கையும் ஈயமும் கட்டி உட்காரும் படத்துக்கு அதைக் கடன் வாங்காதீர்கள்.

தக்கை வைப்பதென்றால் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, கடுகளவு. படத்தில் வேறு எங்கும் அந்தச் சிவப்பு இருக்கக் கூடாது, ஆளின் சட்டையிலும்கூட.

10. பிரதிபலிப்பும் வளையமும்

இங்கே கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஒரு பொருளின் பிரதிபலிப்பு அதற்கு நேர் கீழேதான் விழும், பக்கவாட்டில் நகராது. கோல் நுனி நீர்மட்டத்திலிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதன் பிரதிபலிப்பு நுனிக்கு நேர் கீழே, நீர்மட்டத்திலிருந்து 4 செ.மீ. கீழே. நரம்பும் அதன் பிரதிபலிப்பும் தொடுபுள்ளியில் வந்து சந்திக்கும். பக்கவாட்டில் பார்க்கும் காட்சியில் இது படுத்த கூம்பு வடிவம், அதன் கூர்முனைதான் தொடுபுள்ளி. அதாவது இரண்டு கோடுகள் சேர்ந்து அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகின்றன. பலர் நரம்பின் பிரதிபலிப்பை அதே சரிவில் நீருக்குள் நீட்டிவிடுகிறார்கள். அப்போது நரம்பு கண்ணாடி வழியே ஊடுருவிப் போனது போலாகி, நீரின் மேற்பரப்பே மறைந்துவிடுகிறது. மேற்பரப்பு மறைந்தால் அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது என்ற உணர்வும் போயிற்று.

கருமையான ஓடத்தின் பிரதிபலிப்பு ஓடத்தைவிட ஒரு படி வெளிறலாகவும், வெளிச்சமான தொப்பியின் பிரதிபலிப்பு ஒரு படி மங்கலாகவும் இருக்கட்டும்.

தொடுபுள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வரையலாம், அதிகம் போனால் இரண்டு. நம் பார்வை சாய்வாக விழுவதால் அது நன்கு தட்டையான நீள்வட்டம். உருண்டையாக வரைந்தால் நீர் செங்குத்தாக எழுந்து நிற்கும். வளையத்தை முழுதாக மூடாமல் ஒரு பக்கம் விட்டுவிடுங்கள். துள்ளும் மீனை மட்டும் போடாதீர்கள். 'மீன் இல்லாவிட்டால் தூண்டில் என்று எப்படிப் புரியும்?' என்று கேட்பவர்கள் உண்டு. மீனைக் காட்டிவிட்டால் காத்திருப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

11. எழுந்து நின்று பார்ப்பது

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். கண் முதலில் எங்கே போகிறது, கடைசியில் எங்கே தங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஆளில் தொடங்கித் தொடுபுள்ளியில் தங்கினால் தூரிகையைக் கழுவிவிடலாம். ஓடத்தில் தங்கினால் ஓடத்தின் விளிம்பு மிகக் கூர்மையாக இருக்கிறது, ஈரத் தூரிகையால் ஒரு பக்கத்தை மென்மையாக்குங்கள். வானத்தில் தங்கினால் மேலே ஒரு மெல்லிய சாம்பல் வாஷ் இறக்கலாம், ஆனால் எல்லாம் உலர்ந்த பிறகு, ஒரே வீச்சில்.

முன்புறத்தில் நாணல் சேர்க்கும் ஆசை இந்த நேரத்தில்தான் வரும். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். மறுநாள் காலை முதற்பார்வையிலும் அந்த இடம் காலியாகத் தெரிந்தால், இரண்டே இரண்டு தண்டு, தொடுபுள்ளிக்கு எதிர் மூலையில். தாளைப் பலகையில் டேப்பால் ஒட்டியிருந்தால், அதைத் தாளின் மையத்திலிருந்து விலகும் திசையில், சாய்வாக, மெதுவாக உரியுங்கள். நரம்புக்காகச் சுரண்டிய இடத்தைக் கையால் தடவ வேண்டாம், அங்கே எழும்பி நிற்கும் நார் அழுக்கை உடனே பிடித்துக்கொள்ளும்.